பதினாறு லட்சம் கோடியில் நாலு சொல்

வெள்ளைத்துரையின் ஏலக்காய்க் கடை ரகசியம் பதினோரு வருஷமாக நாலு சக்கரத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடையின் மின்னஞ்சலைத் திறக்கும் பாஸ்வேர்டு அவருடைய ஜீப்பின் நம்பர். ஜீப்பு தினமும் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும், சாயங்காலம் மூட்டையோடு இறங்கும். நம்பர் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடவை மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அது போதாதென்று தார்ப்பாயிலும் எழுதச் சொல்லியிருந்தார், திருட்டுப் போய்விடக் கூடாதே என்று.

போன ஆவணியில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த நம்பரைப் போட்டு உள்ளே புகுந்துவிட்டான். புகுந்தவன் காசு பணத்தைத் தொடவில்லை. கான்பூர் வரைக்கும் உள்ள இருநூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஒரு கடிதம் அனுப்பினான்: 'நாங்கள் ஏலக்காய் வியாபாரத்தை விட்டுவிட்டோம். இனிமேல் அப்பளம் மட்டும்தான். உங்கள் ஆதரவு தொடர வேண்டும்.'

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. நாக்பூர்க்காரர் ஒருவர் மிளகு அப்பளம் உண்டா என்று அக்கறையாக விசாரித்தார். இந்தூரிலிருந்து நாற்பது கட்டுக்கு ஆர்டரே வந்துவிட்டது. போடிநாயக்கனூர் கடைத்தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதிர்க்கடை உக்கிரபாண்டி, வெள்ளைத்துரையோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர், ஆள் விட்டு ஒரு அப்பளக் கட்டு வாங்கிவரச் சொல்லி, ஏலக்காய் மாதிரிக்கு ஒட்டும் சீட்டை அதில் ஒட்டி, "தரம் பாத்துச் சொல்லுப்பா" என்று அனுப்பிவைத்தார்.

சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். ஒருவர் வெள்ளைத்துரை. இன்னொருத்தி அந்தக் கடையின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் சூர்யகலா.

"பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேரு," என்றார் வெள்ளைத்துரை. "ஒண்ணு நானு."

இன்னொன்றை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"மொதலாளி, அது நம்ம ஜீப்பு நம்பரு. தேனி வரைக்கும் தெரியும்."

"ஜீப்பு நம்பரு தெரியும். அதுதான் பாஸ்வேர்டுன்னு யாருக்கும்மா தெரியும்?"

மனிதர் அப்படி நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மருமகன் பிரதீப் வந்து சேர்ந்தான். தேனியில் செல்போன் கடை வைத்திருப்பவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலும் இரண்டு யோசனை சொல்லிவிட்டுத்தான் நகர்வான்.

"மாமா, இந்தச் சோலிக்கெல்லாம் படிச்ச ஆளு வேணும். கம்ப்யூட்டர எங்கிட்ட விட்ருங்க. சூர்யகலாக்கா பழையபடி காய் பொறுக்கட்டும். அவுகளுக்கும் சிரமம் இல்ல."

மருமகன் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மாமனார் அவர். "ஆவணி முடியட்டும் மாப்ள, பாப்போம்," என்றார். அவர் 'பாப்போம்' என்றால் பாதி முடிந்த மாதிரி என்று சூர்யகலாவுக்குத் தெரியும்.

அவளுடைய நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். சூர்யகலா போடிமெட்டுக்கு மேலே, கேரளத்துப் பக்கம், ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாவும் தோட்டக் கூலி. பன்னிரண்டாம் வகுப்பைக் கீழே போடியில் ஹாஸ்டலில் தங்கி முடித்தாள். பத்தொன்பது வயதில் வெள்ளைத்துரையின் சரக்குக் கிட்டங்கியில் காய் பொறுக்க உட்கார்ந்தாள். ஏலக்காய்க் குவியலை முன்னால் போட்டுக்கொண்டு வெடித்ததையும் வெளுத்ததையும் விரலால் ஒதுக்கித் தள்ளும் வேலை. காலையில் ஒன்பது மணிக்குக் குனிந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிமிரலாம். அப்படி ஒன்பது வருஷம்.

பிறகு கடைக்குக் கணினி வந்தது. எல்லாரும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்களே தவிர யாரும் தொடவில்லை. தூசி துடைக்கச் சொன்னார்கள் சூர்யகலாவை. மூன்றாம் நாள் துடைக்கும்போது எதையோ அமுக்கிவிட்டாள். பிரின்டர் கடகடவென்று ஒரு தாளைத் துப்பியது. ஆத்தாடி என்று நாலு பேர் பின்வாங்கினார்கள். அவள் மட்டும் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். யாரும் சொல்லித் தராமல், தொட்டுத் தொட்டு, கெடுத்துச் சரிபண்ணி, ஆறு மாதத்தில் கடையின் கடிதம், விலைப்பட்டியல், லோடு விவரம் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன. ஒரு சக்கரம் உடைந்த சுழல் நாற்காலி ஒன்றும் வந்தது. பதிமூன்று வருஷமாக அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போய் மறுபடி குனிய வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. கூலி என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜீப்பு ஓட்டும் அவள் வீட்டுக்காரர் சோலை அதைத்தான் சொன்னார், "எங்க உக்காந்தா என்ன, சம்பளம் சம்பளந்தான?" என்று. அன்றிலிருந்து அவரோடு அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருந்தபோது, போனில் ஒரு வீடியோ பார்த்தாள். யாரோ ஒருவர் பகடையை உருட்டுகிறார், விழுந்த எண்ணுக்கு ஒரு பட்டியலில் உள்ள சொல்லை எடுக்கிறார். அப்படி நாலு சொல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு சொல்லைச் சேர்த்தால் அதுதான் பாஸ்வேர்டு. மனிதன் மனசால் யோசித்து எடுத்தால் இன்னொரு மனிதன் யோசித்துக் கண்டுபிடித்துவிடுவான், யாருமே யோசிக்காமல் விழுந்ததை யார் கண்டுபிடிப்பது என்று அவர் கேட்டார். சூர்யகலாவின் குடம் நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரி திட்டும்வரை அவளுக்கு நினைவு திரும்பவில்லை.

அன்று மதியமே கிட்டங்கியில் சோதனை நடந்தது. பொறுக்கும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் தாயம் ஆடுவார்கள். அந்தத் தாயக்கட்டையை வாங்கி, பொறுக்குப் பெண்களுக்கெல்லாம் தலைவியான பாண்டியம்மாளிடம் கொடுத்து உருட்டச் சொன்னாள். தாயம் விழுந்தது. மறுபடியும் தாயம். மூன்றாவதும் தாயம்.

"மதினி, இஷ்டத்துக்கு விழணும். நீங்க விழ வைக்கக் கூடாது."

"நான் என்னடி செய்ய? முப்பது வருசமா இந்தக் கட்ட என் பேச்சத்தான் கேக்குது," என்றாள் பாண்டியம்மாள், பெருமையாக.

மனிதக் கையை நம்ப முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. கணினியையே எடுக்கச் சொல்லிவிட வேண்டியதுதான். மூன்று நாள் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒரு சின்ன நிரல் எழுதினாள். பதினோரே வரி. சொற்கள் உள்ள கோப்பைத் திற, அதிலிருந்து குலுக்கி ஒன்றை எடு, இப்படி நாலு தடவை செய், திரையில் காட்டு. குலுக்குவதிலும் இரண்டு வகை உண்டாம். விளையாட்டுக்குக் குலுக்குவது ஒன்று. அதன் போக்கைக் கெட்டிக்காரன் கண்டுபிடித்துவிடுவான். ரகசியத்துக்கென்றே குலுக்குவது இன்னொன்று. அவள் இரண்டாவதைப் போட்டாள். முதல் தடவை ஓட்டியபோது நாலாவது வரியில் பிழை என்றது. ஏழாவது தடவை ஓடியது. சோலையோடு பேசக் கூடாது என்றிருந்தவள், போன் போட்டு, "ஏங்க, ஓடிருச்சுங்க!" என்று கத்தினாள். அவர் போடிமெட்டு வளைவில் பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்து, "எது? யாரு ஓடிட்டா?" என்றார்.

அடுத்து சொற்கள் வேண்டும், இரண்டாயிரம். அதற்குத்தான் முப்பத்திரண்டு பெண்கள் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். குனிந்த தலை நிமிராமல், காயைப் பொறுக்கியபடியே, வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், சூர்யகலா எழுதினாள். சல்லடை, வடகம், கம்மல், ரயில், கொடுக்காப்புளி, கொசுவலை, பல்லி, தும்மல். மலையிலிருந்து இறங்கி வேலைக்கு வரும் தேவி கேரளத்துச் சொற்களாக அள்ளிவிட்டாள்: சாயா, கப்பை, சக்கை. ஆள் பெயர் கூடாது, சாமி பெயர் கூடாது என்று சூர்யகலா சொல்லியிருந்தாள். பாண்டியம்மாள் ஒருத்தியே இருநூறு சொன்னாள். அதில் நூற்றைம்பது வசவு. "நல்ல வசவுடி, வீணாக்காத," என்று கெஞ்சினாள். எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் இரண்டாயிரம் சேர்ந்தது. அதிலிருந்து நாலு சொல் எடுத்தால் எத்தனை விதமாக வரும் என்று கணக்குப் போட்டாள். பதினாறு லட்சம் கோடி. நொடிக்கு ஒன்று என்று தூங்காமல் போட்டுப் பார்த்தாலும் ஐந்து லட்சம் வருஷம் ஆகும். அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. சந்தோஷத்தில் வரும் கிறுகிறுப்பு. சோறு இறங்கவில்லை, பஸ்சில் உட்கார்ந்தபடி தனியாகச் சிரித்தாள், பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த உற்சாகத்தில் பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு நாலு சொல் எடுத்துக் கொடுத்தாள், அவரவர் போனுக்கு வைத்துக்கொள்ள. கொடுத்த கையோடு தலையில் அடித்துக்கொள்ளும்படி ஆயிற்று. பொறுக்குகிறவர்கள் எதையும் பாடித்தான் மனப்பாடம் செய்வார்கள். வேலை செய்யும்போது வாய் சும்மா இருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். மதியத்துக்குள் கிட்டங்கி முழுக்க,

"கொசுவல வடகம் ரயிலு கம்மலு
எங்கக்கா வச்ச பூட்டு"

என்று ஒருத்தி எடுக்க மற்ற முப்பத்தொரு பேரும் தொடுக்க, ஒருத்தியின் ரகசியம் மிச்சமில்லாமல் தெருவரைக்கும் கேட்டது. நாலு மணிக்குக் காப்பி கொண்டுவந்த ஆள் தாளம் போட்டுவிட்டுப் போனான்.

"பாடக் கூடாதா? பெறகு எப்படிடி மனசுல நிக்கும்?" என்று பாண்டியம்மாள் நிஜமாகவே கேட்டாள்.

"மனசுக்குள்ள பாடுங்க மதினி."

"மனசுக்குள்ள பாடுறதுன்னா அதுக்குப் பேரு பாட்டா?"

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணியின் கடைசி வாரத்தில் பிரதீப் வந்தான். பாட்டு தேனிவரை போயிருக்கும் போல. "இதெல்லாம் விளையாட்டு மாமா. ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டர கடை வாசல்ல வைங்க. அக்கா பூட்டட்டும். வெறுங்கையால கீபோர்டுல தட்டியே நான் சாயங்காலத்துக்குள்ள தொறக்குறேன். தொறந்துட்டா அந்தச் சீட்டு எனக்கு. தொறக்கலைன்னா அக்காவே இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வெள்ளைத்துரை சூர்யகலாவைப் பார்த்தார். "சரி," என்றாள். கேட்டுக்கொண்டிருந்த உக்கிரபாண்டி, "நாங்களும் தட்டலாமா?" என்றார். அதற்கும் சரி என்றாள். பைத்தியக்காரத்தனம்தான், சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைத்துரை கால் கழுவி, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அமுக்கினாள். திரையில் வந்தது:

தும்மல் விளக்குமாறு பல்லி ஓட்டை.

வெள்ளைத்துரை எழுந்தேவிட்டார். "என்னம்மா இது! காலையில கடை தொறக்கையில தும்மலா? வெளக்குமாறா? யாவாரம் பண்ற எடத்துல ஓட்டையா? வேற எடு."

"மொதலாளி, வந்தத மாத்தக் கூடாது."

"அப்ப நானே எடுக்குறேன். பட்டியலக் கொண்டா." இரண்டாயிரம் சொல்லையும் விரல் வைத்துப் படித்தார். அரை மணி நேரம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஊரில் ஒருத்தனாலும் கண்டுபிடிக்க முடியாத நாலு சொல்லைச் சொன்னார்: "தேங்காய், பழம், வெத்தல, பாக்கு."

சூர்யகலா கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தால் வேலை போய்விடும், சிரிக்காவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலைமை. மூச்சைப் பிடித்து அடக்கிக்கொண்டு கேட்டாள்: "மொதலாளி, உங்க பொண்ணுக்கு இந்த வரன் குடுக்கலாமான்னு கோயில்ல பூப்போட்டுத்தான பாத்தீங்க?"

"ஆமா. வெள்ளப் பூவு ஒரு பொட்டலம், செவப்புப் பூவு ஒரு பொட்டலம். வெள்ள வந்துச்சு."

"செவப்பு வந்திருந்தா, 'இது நல்லால்ல, இன்னொரு தடவ கட்டிப் போடு'ன்னு சொல்லியிருப்பீங்களா?"

"அது எப்படி? ஆத்தா குடுத்தது குடுத்ததுதான். திருப்பிக் கேட்டா..." பாதியில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார். தும்மலையும் விளக்குமாற்றையும் பல்லியையும் ஓட்டையையும் வெகுநேரம் பார்த்தார்.

"பொட்டலத்த பிரிச்சுப் பாத்துட்டு நம்மளே எடுத்தா அது அம்மன் குடுத்ததா மொதலாளி? நம்ம மனசு குடுத்தது. நம்ம மனசு என்ன குடுக்கும்னு ஊருக்குத் தெரியும்."

"முருகா," என்றார் வெள்ளைத்துரை. "போடு. ஒரு நாளைக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் மேசை போட்டார்கள். சந்தையில் ஏலக்காய் ஏலம் நடக்காத நாள். வியாபாரிகள், சுமை தூக்குகிறவர்கள், குரங்கணியிலிருந்து மூட்டை கொண்டுவந்த ஜீப்புக்காரர்கள் என்று கூட்டம் தேர் பார்க்க நிற்பதைப் போல நின்றது. வெள்ளைத்துரையின் மனைவி வேலுத்தாய் அண்டாவில் மோர் கரைத்து வைத்தாள். சூர்யகலா உள்ளே தன் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆளாளுக்குத் தட்டினார்கள். வெள்ளைத்துரையின் குலசாமி பெயர். மகள் பெயர். பேத்தி பெயர், பிறந்த தேதியோடு. முப்பது வருஷத்துக்கு முன் அவர் வைத்திருந்த காளைகளின் பெயர், இரண்டுக்கும். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வாத்தியார் வைத்த பட்டப்பெயர். அவர் தேர்தலில் நின்று தோற்ற வருஷம். வாங்கிய ஓட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றைத் தட்டும்போதும் கூட்டம் ஓவென்று சிரித்தது. வெள்ளைத்துரை முதலில் தானும் சிரித்தார், பிறகு சிரிப்பு குறைந்தது, பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அவருடைய அறுபத்தெட்டு வருஷமும் ஒவ்வொரு வார்த்தையாக மேசைக்கு வந்துகொண்டிருந்தது.

உக்கிரபாண்டி கை விரலை நெட்டி முறித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலாவது தெருவில் ஒரு காலத்தில் குடியிருந்த கற்பகம் என்ற பெண்ணின் பெயரைத் தட்டினார். கூட்டம் சட்டென்று அடங்கியது. எல்லாரும் மோர் அண்டாப் பக்கம் பார்த்தார்கள்.

வேலுத்தாய் அகப்பையை வைக்கவில்லை. "அது தொறக்காதுண்ணே. காலையிலயே நான் போட்டுப் பாத்துட்டேன்," என்றாள்.

சிரித்த சிரிப்பில் தெரு அதற்கப்புறம் பத்து நிமிஷம் எதற்கும் உதவவில்லை.

மூன்று மணிக்குப் பிரதீப் எழுந்தான். அதுவரை ஒன்றும் செய்யாமல் வேடிக்கை பார்த்தவன், பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து உயர்த்திக் காட்டினான். இரண்டாயிரம் சொல்லும் அச்சடித்து இருந்தது. பாண்டியம்மாளிடம் கேட்டிருக்கிறான், அவளும் தேவியும் மற்றவர்களும் ஞாபகம் இருந்ததைச் சொல்லி, இல்லாததைத் தேடி, முழுப் பட்டியலையும் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனசுக்காரிகள், யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

"போச்சு," என்றார் வெள்ளைத்துரை. "ஏம்மா, பூராம் போச்சே!"

சூர்யகலா நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தாள். கணக்கு அவளுக்குத் தெரியும், பத்துத் தடவை போட்டுப் பார்த்த கணக்கு. மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரதீப்பின் கையில் கொடுத்தாள்.

"இதான் தம்பி நான் எழுதுன பதினோரு வரி. இதையும் வச்சுக்கிருங்க. பட்டியலு தெரியலாம், எப்படி எடுத்தேன்னு தெரியலாம். எது விழுந்துச்சுன்னு தெரியாது."

பிரதீப் மூளை இல்லாதவன் இல்லை. சொற்களை யோசித்து ஒன்றும் ஆகாது, மாமனாரை யோசிக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. அவர் எதை ஒத்துக்கொள்வார்? மங்களமான சொல்லை மட்டும்தான். பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். தும்மலை அடித்தான். விளக்குமாற்றை அடித்தான். பல்லி போயிற்று, ஓட்டை போயிற்று. மிச்சத்தைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. நாலு சொல்லைத் தட்டினான், தட்டும்போதே சத்தமாகப் படித்தான்.

"தேங்காய். பழம். வெத்தல. பாக்கு."

திரை ஒரு கணம் யோசித்தது. தவறு என்று வந்தது.

கூட்டம் அதை இன்னொரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. வெள்ளைத்துரை கைதட்டவில்லை. நின்ற இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, கூட்டத்துக்கு மேலாகச் சூர்யகலாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது.

ஐந்து மணி அடித்தபோது முந்நூற்றுப் பதினெட்டு தடவை தட்டியிருந்தார்கள். எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுச் சூர்யகலா நாலு சொல்லை அடித்தாள். திறந்துகொண்டது. கிட்டங்கிப் பெண்கள் போட்ட குலவை பஸ் நிலையம்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். பிரதீப் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், வாயைத் திறக்கவில்லை. போகும்போது மட்டும் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, நம்ம தேனிக் கடைக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க," என்றான்.

திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது வெள்ளைத்துரை அவளுக்கு முன்னாலேயே வந்து, அவள் மேசைக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு வெள்ளைக் கவரும் அரக்கும் இருந்தன.

"புதுசா எடு ஆத்தா," என்றார்.

அவள் நிரலை ஓட்டத் தயாரானாள். அவர் எழுந்து பக்கத்தில் வருவார் என்று நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். அவர் எழவில்லை.

"நான் பாக்கலம்மா. நேத்துப் பூராம் பாத்தேன். என் மனசுக்குள்ள இருக்குறதுன்னு நான் நெனச்சது அம்புட்டும் தெருவுல கெடக்கு. எனக்குத் தெரிஞ்சா அது ஊருக்குத் தெரிஞ்ச மாதிரி. நீ ஒருத்தி மட்டும் வச்சுக்க. ஒனக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா இருக்கட்டும்னு கவருக்குள்ள எழுதி ஒட்டிரு, பெட்டகத்துல போட்ருவோம். நான் பிரிக்க மாட்டேன்."

மூன்று வாரத்துக்கு முன், தெரிந்தது இரண்டே பேருக்கு என்று சொல்லிவிட்டு மீதியை விழுங்கிய அதே மனிதர். சூர்யகலா கவரையும் அரக்கையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வெள்ளைத்துரை முக்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் அமுக்கினாள். நாலு சொல் வந்தது.

அவளுக்குக் குபீரென்று வந்த சிரிப்பில் கீபோர்டு ஆடியது. கிட்டங்கியில் தலைகள் நிமிர்ந்தன. சுவரைப் பார்த்தபடியே வெள்ளைத்துரை துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எதுவும் சொல்ல வேணாம். நல்ல சொல்லா விழுந்துருக்கா? அத மட்டும் சொல்லு."

சூர்யகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை திரையைப் படித்துப் பார்த்தாள்.

"ரொம்ப நல்ல சொல்லு மொதலாளி," என்றாள்.